அட்டையில் எழுதும் எண்

கோல்ஃப் ஆட்டத்தில் முன்னேற என்ன செய்ய வேண்டும் என்று நண்பர்கள் எவரேனும் கேட்டால், நாங்கள் முதலில் ஒரு சிறு பென்சிலைத்தான் எடுத்துக் காட்டுகிறோம். கேட்டவர்கள் சிரிக்கிறார்கள். ஐந்தாண்டுகளுக்கு முன் எங்களிடம் எவரேனும் இவ்வாறு சொல்லியிருந்தால் நாங்களும் சிரித்திருப்போம்.

நாங்கள் என்பது அண்ணன், தம்பி இருவர். ஒருவர் கல்லூரியில் தமிழ் கற்பிப்பவர். மற்றவர் வங்கியில் கணக்குப் பார்ப்பவர். இவ்விளையாட்டுக்கும் எங்கள் குடும்பத்துக்கும் உள்ள ஒரே தொடர்பு எங்கள் பெரியப்பா. படையில் பணியாற்றி ஓய்வுபெற்றுக் குன்னூரில் குடியேறியவர். மூட்டு வலியால் அவரால் திடல் முழுவதும் நடக்க இயலாமற்போனபோது, தம் மட்டைப் பையை எங்களிடம் ஒப்படைத்து, "மாசம் ஒரு தடவை, ரெண்டாவது சனிக்கிழமை வந்துடுங்க. பேங்க் லீவுதானே" என்றார். அதற்கு ஓராண்டுக்கு முன்புதான் தந்தையார் விட்டுச்சென்ற வீட்டை நாங்கள் பாகம் பிரித்திருந்தோம். பத்திரம் எழுதி முடிந்ததும் எங்களுக்குள் பேச்சும் ஏறக்குறைய முடிந்திருந்தது. அதை அறிந்தேதான் பெரியப்பா எங்கள் இருவரையும் சேர்த்து அழைத்தார் என்பது பின்னர்தான் விளங்கியது.

இவ்விளையாட்டை அறியாதவர்களுக்காகச் சில சொற்கள். 46 கிராமுக்கு மிகாத எடையுள்ள ஒரு பந்தை, 108 மில்லிமீட்டர் விட்டமுள்ள ஒரு குழிக்குள் இயன்றவரை குறைந்த அடிகளில் சேர்க்க வேண்டும். இவ்வாறு 18 குழிகள். ஒவ்வொரு குழிக்கும் தேர்ந்த ஆட்டக்காரருக்கு இத்தனை அடிகள் போதும் என்று வரையறுத்திருப்பார்கள்; அதற்குப் 'பார்' என்று பெயர். முழுநீளத் திடல்களில் பெரும்பாலும் அதன் கூட்டுத்தொகை 72. கூடவே ஓடிவந்து ஊதல் ஊதும் நடுவர் இங்கே இல்லை. உடன் ஆடுபவரே உங்கள் அடிகளை எண்ணி அட்டையில் எழுதுவார். அவருடைய அடிகளை நீங்கள் எழுதவேண்டும். இறுதியில் இருவரும் கையொப்பமிட வேண்டும்.

எங்கள் அட்டைகள் தொடக்கத்தில் மிக அழகாக இருந்தன. குழிக்கு ஒரு மீட்டர் தொலைவில் தம்பியின் பந்து நின்றுவிட்டால், "போதும், எடுத்துக்கொள்" என்பார் அண்ணன். புதருக்குள் அண்ணன் இரண்டு முறை மட்டையை வீசிப் பந்தைத் தொடாமலே விட்டால், தம்பி எதிரே இருக்கும் மலையைப் பார்த்துக்கொண்டிருப்பார். விதிப்படி, பந்தை அடிக்கும் எண்ணத்தோடு வீசிய வீச்சு, பந்தில் படாவிட்டாலும் ஓர் அடிதான். நாங்கள் அதை எழுதியதில்லை. ஒருவருக்கு 96, மற்றவருக்கு 94 என்று அட்டைகள் சொல்லின. நூற்றுக்குக் கீழே வந்துவிட்டோம் என்று தனித்தனியே மகிழ்ந்தோம்.

அதற்குப் பின் ஓராண்டு எந்த முன்னேற்றமும் இல்லை. விலையுயர்ந்த டிரைவர் மட்டை ஒன்று வாங்கினோம். இரவு நேரங்களில் காணொளிகள் பார்த்தோம். பிடியை மாற்றினோம், நிற்கும் நிலையை மாற்றினோம், மீண்டும் பழைய பிடிக்கே திரும்பினோம். எண் அசையவே இல்லை.

ஒரு மார்ச் மாதச் சனிக்கிழமை பெரியப்பா பேட்டரி வண்டியில் அமர்ந்து எங்களோடு 18 குழிகளுக்கும் வந்தார். வழியெங்கும் ஒன்றும் பேசவில்லை. மடியில் ஒரு சிறு குறிப்பேடு மட்டும் இருந்தது. ஆட்டம் முடிந்து தேநீர் வந்தபோது எங்கள் அட்டைகளை வாங்கிப் பார்த்தார். 95, 93. பிறகு தம் குறிப்பேட்டைத் திருப்பிக் காட்டினார். 109, 107.

"நீங்க ரெண்டு பேரும் ஒருத்தருக்கொருத்தர் காட்டுறது மரியாதை இல்லடா, பயம். உண்மையான நம்பரைச் சொன்னா சண்டை வந்துடுமோன்னு பயம். பயந்துகிட்டு எழுதின அட்டையை வெச்சுகிட்டு ஆட்டத்தை எப்படித் திருத்துவீங்க?"

அவர் பேசியது கோல்ஃபைப் பற்றி மட்டுமே. ஆயினும் நாங்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை.

அன்று மாலை அவர் இரண்டு கதைகள் சொன்னார். 1925ஆம் ஆண்டு அமெரிக்க ஓப்பன் போட்டியில், பாபி ஜோன்ஸ் அடிக்க ஆயத்தமானபோது அவருடைய பந்து சற்றே அசைந்தது. வேறெவரும் அதைக் காணவில்லை. அவரே தம் கணக்கில் ஓர் அடியைக் கூட்டிக்கொண்டார். முடிவில் சமநிலை ஏற்பட்டு, அதற்கான மறு ஆட்டத்தில் தோற்றார். மற்றது 1968ஆம் ஆண்டு மாஸ்டர்ஸ் போட்டி. அர்ஜென்டினாவின் ராபர்ட்டோ டி விசென்சோ 17ஆம் குழியை 3 அடிகளில் முடித்தார். அவருடைய அட்டையை எழுதிய டாமி ஆரன் தவறுதலாக 4 என்று குறித்துவிட்டார். டி விசென்சோ அதைச் சரிபாராமல் கையொப்பமிட்டார். விதிப்படி கூடுதலான எண்ணே நிலைத்தது. முதலிடத்தில் சமநிலை பெற்று மறு ஆட்டம் ஆடும் வாய்ப்பு கைநழுவியது. அன்று அவருக்கு 45ஆவது பிறந்தநாள். ஓர் எண்ணைக் கூட்டி எழுதினாலும் குறைத்து எழுதினாலும் விளையாட்டு மன்னிப்பதில்லை என்று சொல்லிவிட்டுப் பெரியப்பா படுக்கச் சென்றார்.

அடுத்த மாதத்திலிருந்து நாங்கள் எழுதும் முறையை மாற்றினோம். இதை எவரும் உடனே தொடங்கலாம். ஒரு காசும் செலவில்லை. அட்டையில் ஒவ்வொரு குழிக்கும் மொத்த எண்ணின் கீழே மூன்று சிறு குறிப்புகளைச் சேர்த்தோம். முதலாவது, குழியைச் சுற்றி ஒட்ட மழித்திருக்கும் 'கிரீன்' என்னும் புல்தரையில் பந்தை உருட்ட எத்தனை அடிகள். இரண்டாவது, கிரீனுக்கு 40 மீட்டருக்குள் வந்தபின் அதன்மேல் ஏற எத்தனை அடிகள். மூன்றாவது, பந்து தொலைந்ததாலும் எல்லை தாண்டியதாலும் இழந்தவை எத்தனை. ஐந்து ஆட்டங்களுக்கு இவ்வாறு எழுதியபோது, அண்ணன் தம்பி இருவருக்கும் ஒரே மொத்தம் ஏறக்குறைய வந்தாலும் நோய் வெவ்வேறு என்பது தெரிந்தது.

அண்ணன் கிரீனில் மட்டும் 41, 42 என்று செலவிட்டுக்கொண்டிருந்தார். பார் 72 என்பதில் பாதி, அதாவது குழிக்கு இரண்டு வீதம் 36, உருட்டுவதற்கென்றே ஒதுக்கப்பட்டது. அவருடைய பந்து அரிதாகவே தொலைந்தது. தம்பியோ நன்றாக உருட்டினார். ஆனால் ஆட்டத்துக்கு நான்கைந்து பந்துகளைப் புதருக்குக் கொடுத்தார். பந்து தொலைந்தால், தொலைத்த அடியோடு ஓர் அபராத அடியும் சேர, முன்பு அடித்த இடத்திலிருந்தே மீண்டும் அடிக்கவேண்டும். தேடுவதற்கு 2019 முதல் மூன்று நிமிடங்களே அனுமதி. நீலகிரியில் பந்தைத் தேடிப் புதருக்குள் கைவிட்டவர்களுக்கு அந்த முட்களின் சுவை தெரியும்.

நூல்கள் இவ்விடத்தில் இருவேறு வழிகளைச் சொல்கின்றன. டெக்சாஸின் ஆஸ்டின் நகரில் நெடுங்காலம் கோல்ஃப் கற்பித்த ஹார்வி பெனிக், பல்லாண்டுகளாகத் தம் சிவப்புக் குறிப்பேட்டில் எழுதிவந்தவை 1992இல் நூலாயின. குழிக்கு அருகே ஆடும் ஆட்டத்தைப் பழகுங்கள் என்பது அவர் வலியுறுத்தியவற்றுள் ஒன்று. கொலம்பியா பல்கலைக்கழகப் பேராசிரியர் மார்க் பிராடி, ஏராளமான ஆட்டப் பதிவுகளை ஆராய்ந்து 2014இல் வெளியிட்ட நூலில், தேர்ந்தவர்க்கும் மற்றவர்க்கும் இடையிலான வேறுபாட்டில் ஏறத்தாழ மூன்றில் இரு பங்கு தொலைவிலிருந்து அடிக்கும் அடிகளில்தான் பிறக்கிறது என்று காட்டினார். யார் சொல்வது சரி? எங்கள் அட்டைகளைப் பார்த்தால், அண்ணனுக்குப் பெனிக், தம்பிக்குப் பிராடி. எந்த மருந்து என்பதைச் சொந்தக் கணக்கே சொல்லும். கணக்கு பொய்யானால் மருந்தும் பொய்யாகும்.

முதலில் அண்ணனின் மருந்து. உருட்டுவதில் அவர் திசையைப் பற்றியே கவலைப்பட்டார். ஆனால் மூன்று முறை உருட்ட நேர்ந்த குழிகளை ஆராய்ந்தபோது, திசை பெரும்பாலும் பிழைபடவில்லை, வேகமே பிழைத்திருந்தது. பத்து மீட்டரிலிருந்து உருட்டிய பந்து மூன்று மீட்டர் முன்பே நின்றுவிடும், அல்லது மூன்று மீட்டர் கடந்தோடும். அமெரிக்கத் தொழில்முறை ஆட்டக்காரர்களே சுமார் 2.4 மீட்டரிலிருந்து பாதி முறைதான் குழியில் இடுகிறார்கள். 6 மீட்டரிலிருந்து ஏறத்தாழ ஏழில் ஒரு முறைதான். இதை அறிந்ததும் அண்ணனின் மனச்சுமை குறைந்தது. தொலைவிலிருந்து உருட்டும்போது குழியை மறந்து, அதைச் சுற்றி ஒரு மீட்டர் வட்டத்தை எண்ணிக்கொண்டார். 3, 6, 9 மீட்டரில் மூன்று அடையாளங்களை வைத்து, ஒவ்வொன்றின் அருகிலும் பந்து நிற்குமாறு மாறிமாறி உருட்டிப் பழகினார். ஆட்டம் தொடங்குமுன் பத்து நிமிடம் இதைச் செய்தாலே அன்றைய புல்லின் வேகம் கைக்குத் தெரிந்துவிடும்.

குறுகிய தொலைவுக்கு வீட்டுக்கூடமே போதும். எவர்சில்வர் தம்ளர் ஒன்றைப் படுக்கவைத்து, ஒன்றரை மீட்டரிலிருந்து பந்தை உருட்டுவது. தம்ளரின் வாய் குழியைவிடச் சிறியது. அதில் பழகியவருக்குத் திடலின் குழி கிணறுபோல் தோன்றும். மணிக்கட்டு அசையாமல் தோள்கள் ஊசல்போல் ஆடவேண்டும். பந்து தம்ளரில் மோதும் ஓசை கேட்கும்வரை தலை நிமிரக் கூடாது. உருட்டும் மட்டையின் பெயரை இங்கே 'பட்டர்' என்றே சொல்வோம். "பட்டரை எங்கே வைத்தீர்கள்" என்று கேட்டால், வீட்டில் பெருமாள் கோயில் அர்ச்சகரைத்தான் நினைக்கிறார்கள்.

அடுத்தது கிரீனின் ஓரத்திலிருந்து அடிக்கும் சிறு அடி. எங்கள் இருவருக்கும் பொதுவாக இருந்த குறை இது ஒன்றே. தொலைக்காட்சியில் காண்பதுபோல் பந்தை உயரத் தூக்கி இறக்க முயன்று, அதன் தலையில் அடித்து மறுபுறம் ஓட்டுவோம். அல்லது பின்னாலிருக்கும் மண்ணை வெட்டுவோம். பெரியப்பா கையிலிருந்த வெட்ஜ் மட்டையை வாங்கிக்கொண்டு எட்டாம் எண் இரும்பு மட்டையைக் கொடுத்தார். பாதங்களை நெருக்கி வைத்து, எடையை முன்காலில் நிறுத்தி, பந்தைப் பின்காலுக்கு நேராக வைத்து, உருட்டுவதுபோலவே மட்டையை ஆட்டச் சொன்னார். பந்து தாழப் பறந்து, கிரீனில் விழுந்து, மீதித் தொலைவை ஓடிக் கடந்தது. பந்தைக் காற்றில் வைத்திருக்கும் நேரம் குறையக் குறையப் பிழைக்கும் வாய்ப்பும் குறைகிறது. மணற்குழியில் மட்டும் இதற்கு மாறான முறை வேண்டும். மட்டையின் முகத்தைச் சற்றே திறந்து, பந்துக்கு இரண்டு விரற்கடை பின்னால் மணலில் அடித்து, வீச்சை நிறுத்தாமல் முடிக்கவேண்டும். மணல்தான் பந்தைச் சுமந்துகொண்டு வெளியேறுகிறது. அஞ்சி மட்டையைப் பாதியில் நிறுத்தினால் பந்து அங்கேயே கிடக்கும்.

இனித் தம்பியின் மருந்து. டிரைவரால் அவர் அடிக்கும் பந்து வலப்புறம் வளைந்து புதர் தேடும். அதைச் சரிசெய்ய அவர் இன்னும் இடப்பக்கம் திரும்பி நிற்பார். பந்து இன்னும் வளையும். பந்து புறப்படும் திசையைப் பெரும்பகுதி தீர்மானிப்பது மோதும் கணத்தில் மட்டையின் முகம் நோக்கும் திசை. அந்த முகத்துக்கும் மட்டை செல்லும் பாதைக்கும் உள்ள வேறுபாடே பந்தை வளைக்கிறது. இது விளங்கியபின் செய்தவை மூன்று. தரையில் இரண்டு குச்சிகளை இணையாகக் கிடத்தி, பாதங்கள் ஒன்றை ஒட்டியும் பந்து மற்றொன்றை ஒட்டியும் இருக்குமாறு நின்று பழகினார். கைப்பிடியின் இறுக்கத்தைத் தளர்த்தினார். எழுதுகோலை அழுத்திப் பிடித்தால் எழுத்துக் கோணுவதுபோல், மட்டையை இறுக்கினால் முகம் திறந்தே நிற்கிறது. மூன்றாவது, குறுகலான குழிகளில் டிரைவரைப் பையிலிருந்து எடுப்பதையே விட்டார். 14 மட்டைகள் வரை வைத்துக்கொள்ள விதி இடங்கொடுக்கிறது. அத்தனையையும் வீசியாக வேண்டும் என்று விதி இல்லை. ஐந்தாம் எண் இரும்பு மட்டையால் அடித்த பந்து முப்பது நாற்பது மீட்டர் குறைவாகச் செல்லும். ஆனால் சென்ற இடத்தில் கிடக்கும்.

கிரீனை நோக்கி அடிக்கும்போது கொடியைப் பாராமல் கிரீனின் நடுவைப் பார்ப்பது இருவருக்கும் பயன்பட்டது. எங்கள் பந்துகள் பெரும்பாலும் குறிக்கு முன்பே விழுந்தன. வாழ்நாளில் ஒருமுறை மிக நன்றாக அடித்த தொலைவையே நம் வழக்கமான தொலைவு என்று எண்ணுவதன் விளைவு அது. அதிலும் மலையில் காற்று மெலிது. ஏறத்தாழ 1,800 மீட்டர் உயரத்தில் பந்து சமவெளியைவிடத் தொலைவு செல்லும். அங்கே எட்டிய தொலைவைக் கோவையில் எதிர்பார்க்கலாகாது. ஐயமிருந்தால் இன்னும் ஒருபடி தொலைவு செல்லும் மட்டையை எடுத்து, அமைதியாக வீசுவதே நலம்.

பயிற்சி செய்யும் முறையிலும் ஒரு பாடம் உண்டு. ஒரே மட்டையால் ஒரே இலக்குக்கு ஐம்பது பந்துகள் அடித்தால், நாற்பதாவது பந்து மிக அழகாகச் செல்லும். மறுவாரம் திடலில் அது நினைவிருக்காது. 1979இல் ஷே, மார்கன் என்னும் ஆய்வாளர்கள் கையசைவுப் பயிற்சி ஒன்றைக் கொண்டு இதைச் சோதித்தார்கள். ஒரே செயலைத் தொடர்ந்து செய்தவர்கள் பயிற்சியின்போது சிறந்தார்கள். செயல்களைக் கலந்து செய்தவர்களோ பின்னர் நினைவில் வைத்திருப்பதில் சிறந்தார்கள். ஒரே வினாவுக்கு விடையைப் பத்து முறை எழுதிப் பழகும் மாணவரைத் தேர்வறையில் பார்த்தவர்களுக்கு இது புதிதன்று. ஒவ்வொரு பந்துக்கும் மட்டையையும் இலக்கையும் மாற்றுங்கள். ஒவ்வொன்றுக்கும் புதிதாக நின்று, புதிதாகக் குறிபாருங்கள்.

இதற்கு எங்களுக்கு இடம் கிடைத்த விதத்தையும் சொல்லவேண்டும். பாகம் பிரித்தபோது வீட்டின் மொட்டை மாடி மட்டும் பொதுவில் விடப்பட்டிருந்தது. மற்றவர் அங்கே இருக்கக்கூடும் என்று அஞ்சியே இருவரும் படியேறாமலிருந்தோம். வடகம் காயவைக்கக்கூட எவரும் போவதில்லை. ஒருநாள் தம்பி பழைய கோரைப்பாய் ஒன்றை அங்கே விரித்து, பஞ்சுப் பந்துகளைப் பாயின்மேல் விழுமாறு அடித்துக்கொண்டிருந்தார். ஓசை கேட்டு அண்ணன் ஏறிவந்தார். சிறிது நேரம் நின்று பார்த்துவிட்டு, "எடையைப் பின்காலில் வைக்கிறாய்" என்றார். இரண்டு பாய்கள் ஆயின. வெவ்வேறு தொலைவில் விரித்து, மாறிமாறி அடித்தோம். பாயில் விழுந்தவற்றை ஒருவருக்கொருவர் எண்ணினோம்.

கடந்த ஜனவரி மாத ஆட்டத்தில் 16ஆம் குழி முடிந்ததும் அண்ணன் "ஆறு" என்றார். தம்பி பென்சிலை நிறுத்திவிட்டு, "ஏழு. புதருக்குள் ஒன்று" என்றார். அண்ணன் மனத்துக்குள் எண்ணிப் பார்த்தார். "ஆமாம், ஏழு" என்றார். எழுதிக்கொண்டு அடுத்த குழிக்கு நடந்தோம். வானம் விழவில்லை. அன்றிரவு மலையிறங்கும் வழியில், கிணற்று மோட்டாருக்கு ஆறாண்டுகளாக யார் எவ்வளவு மின்கட்டணம் செலுத்தியது என்ற பேச்சை எடுத்தோம். அதற்காக வழக்கறிஞர்வரை செல்ல இருவருமே தனித்தனியே எண்ணியிருந்தோம் என்பதும் அப்போதுதான் வெளிப்பட்டது. பர்லியாறு வருவதற்குள் கணக்கு முடிந்துவிட்டது. அண்ணன் தரவேண்டியது சற்று அதிகம்.

அன்று மாலை பெரியப்பா மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு இரண்டு அட்டைகளையும் குழி குழியாகக் கூட்டிப் பார்த்திருந்தார். 98, 97. ஓராண்டு எங்களைத் தேக்கி வைத்த அந்தப் பொய் எண்களைவிட இவை பெரியவை.

"சரியா இருக்கு" என்று சொல்லிப் பென்சிலைத் திருப்பிக் கொடுத்தார்.